பழந்துப்பாக்கியும் பாடபேதமும்

சென்ற மாதம் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் அண்ணனுடைய கைப்பேசியில் கண்ட படம் ஒன்றைப் பற்றி வகுப்பில் விவரித்தான். துருவேறிக் கிடந்த பழைய போர்த் துப்பாக்கி ஒன்றை ஒருவர் எடுக்கிறாராம். இரும்பைத் தேய்த்து, கட்டையை உப்புத்தாளால் இழைத்து, வார்னிஷ் பூசுகிறாராம். பத்தே நிமிடத்தில் அது கண்ணாடிபோல் மின்னுகிறதாம். சொல்லி முடித்தவன், "நம்ம பள்ளிக்கூடத்துப் பெட்டியையும் நீங்க அப்படித்தானே ஐயா புதுசாக்கினீங்க?" என்று கேட்டான். அவன் புகழ்ச்சியாகவே கேட்டான். எனக்கு அது புகழ்ச்சியாகப் படவில்லை. அந்தப் பெட்டியின் கதையைப் பின்னர்ச் சொல்வேன்.

இலக்கணமும் இலக்கியமும் பேசும் இந்தப் பக்கத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். பழம்பொருளைப் புதுக்குவதும் பழநூலைப் பதிப்பிப்பதும் ஒரே தொழிலின் இரு கிளைகள் என்பது என் கருத்து. இரண்டிலும் செய்வோனின் கைக்கு முன்னே பிறர் கைகள் பல வந்து போயிருக்கின்றன. அவற்றுள் எதைக் காப்பது, எதைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது என்பதே கேள்வி. ஏட்டுச் சுவடி பற்றி இக்கேள்வியை நாம் பலகாலம் ஆராய்ந்துவிட்டோம். வீட்டிலும் பள்ளியிலும் கோயிலிலும் உள்ள பொருள்களைப் பற்றி மட்டும் அதனை எழுப்ப மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் கோயில் திருப்பணியின்போது மணலை வீச்சாக அடித்துச் சுவர்களைத் துலக்கியதால் கல்வெட்டெழுத்துகள் மழுங்கின என்று அறிஞர் முறையிட்டதை நாம் அறிவோம். துலக்கியவர் பகைவர் அல்லர், பக்தரே. ஆகவே, நல்லெண்ணத்தோடு நடக்கும் அழிவைப் பற்றியதே இக்கட்டுரை. ஒரு துப்பாக்கியில் அதனை விளக்குவது எளிது. ஏனெனில் துப்பாக்கியும் எழுத்துப் பொறித்த பொருளே.

துப்பாக்கியின் பிறப்பு

நம் நாட்டு வரலாற்றில் மிகுதியாகப் புழங்கிய போர்த் துப்பாக்கி லீ-என்ஃபீல்டு என்பதாகும். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பார் வகுத்த இயக்கமும், லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற ஊரிலிருந்த அரசாங்கத் தொழிற்சாலை வகுத்த குழற்புரியும் சேர்ந்து 1895-இல் அப்பெயர் பிறந்தது. இதன் இயக்கம் கதவுத் தாழ்ப்பாளை ஒத்தது. கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னே தள்ளிக் கீழே மடக்கினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறி அடைபடும். அடியிலுள்ள பெட்டியில் பத்துத் தோட்டாக்கள் அடங்கும். 1907-இல் ஏற்கப்பெற்ற மூன்றாம் மாதிரி இங்கிலாந்தில் மட்டுமன்றி வங்காளத்து ஈஷாப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் லித்கோவிலும் செய்யப்பட்டது.

இத்துப்பாக்கிக்கும் நம் ஜொகூர் மாநிலத்துக்கும் உள்ள தொடர்பு இரத்தத் தொடர்பு. 1942 ஜனவரி 14-ஆம் நாள் கெமாஸ் அருகே கெமிஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரைப் பதுங்கியிருந்து தாக்கினர். அதற்கடுத்த நாள்களில் மூவார் ஆற்றங்கரையில் 45-ஆம் இந்தியப் படைப்பிரிவு சிதைந்தது. பக்ரியிலிருந்து பாரிட் சூலோங் வரை பின்வாங்கிய படையினர் கொண்டுசெல்ல இயலாததைப் போட்டுவிட்டுப் போயினர். காயமுற்றுச் சிறைப்பட்ட ஆஸ்திரேலியரும் இந்தியரும் பாரிட் சூலோங்கில் கொல்லப்பட்டனர். ஜனவரி 31-ஆம் நாள் கடைசிப் படை பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் சென்றது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

வீழ்ந்த படையின் துப்பாக்கிகள் வீழ்ந்துவிடவில்லை. சில, காட்டுக்குள் சென்ற ஜப்பானிய எதிர்ப்புப் படையினரிடம் சேர்ந்தன. ஜப்பானியர் கைக்குப் போனவற்றுள் பல, இந்திய தேசிய ராணுவத்தின் தோள்களுக்கு ஏறின. 1943 அக்டோபர் 22-ஆம் நாள் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதில் சேர்ந்த பெண்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். பால்வாளி தூக்கிப் பழகிய தோளில் ஏறக்குறைய நான்கு கிலோ எடையுள்ள இத்துப்பாக்கியைத் தாங்கி அவர்கள் அணிவகுத்தனர். பின்னர் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில் இதே குடும்பத்துத் துப்பாக்கி அரசுப் படையினரிடமும், காவலரிடமும், தோட்டங்களைக் காக்க அமர்த்தப்பட்ட ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களிடமும் இருந்தது. எதிர்ப்பக்கத்தாரிடமும் இருந்தது. ஒரே வகைத் துப்பாக்கி இருபது ஆண்டுக்குள் இத்தனை கை மாறிய மண் இது. ஆகவே இங்கே கிடைக்கும் ஒவ்வொன்றும் ஒரு சாட்சி.

இரும்பில் உள்ள ஏடு

அச்சாட்சியை வாசிப்பது எங்ஙனம்? லீ-என்ஃபீல்டின் உடலில் தொழிற்சாலையின் பெயர், செய்த ஆண்டு, மாதிரியின் பெயர், வரிசையெண், சோதனையிட்டோர் முத்திரைகள் ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். அதே வரிசையெண் போல்ட்டின் கைப்பிடியிலும் இருக்கும். பல துப்பாக்கிகளில் குழலிலும் முன்கட்டையிலும் கூட அது காணப்படும். இந்த எண் அழகுக்காக இட்டதன்று. போல்ட்டு அந்தக் குறிப்பிட்ட உடலோடு அளவு பார்த்துப் பொருத்தப்பட்டது. தோட்டா வெடிக்கும்போது அதன் பின்புறத்தைத் தாங்கி நிற்பது அதுவே. வேறொரு துப்பாக்கியின் போல்ட்டைச் செருகினால் இடைவெளி கூடக்கூடும். சுடுவோன் முகத்துக்கே ஆபத்து வரும்.

இங்குச் சுவடி படித்தோர் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. படைப் பட்டறையில் ஒரு துப்பாக்கிக்கு வேறு போல்ட்டைப் பொருத்த நேரும்போது, பட்டறைக்காரர் பழைய எண்ணைச் சுரண்டி எடுத்துவிடுவதில்லை. அதன்மேல் ஒரு கோடிழுத்து அடித்துவிட்டு, பக்கத்தில் புதிய எண்ணை வெட்டுவது வழக்கம். பழைய எண்ணும் படிக்கக் கிடக்கும், புதிய எண்ணும் விளங்கும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது கைக்கொண்ட நேர்மையும் இத்தகையதே. தமக்குச் சரியெனத் தோன்றிய பாடத்தை மேலே வைத்தார். பிற ஏடுகளில் கண்ட பாடத்தைக் கீழே காட்டினார். பின்வருவோர் தம்மோடு மாறுபட இடம் வைத்தார். புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. அதற்காக 269-ஐ இழுத்து 267 ஆக்கி நூலை நிறைவாகக் காட்ட எவரும் துணியவில்லை. 266-க்குப் பின் 269 என்றே இன்றும் அச்சிடுகிறோம். அந்த இடைவெளியும் நமக்குக் கிடைத்த செய்திதான்.

மூவகைக் கைகள்

பழைய போர்த் துப்பாக்கியில் பின்னாளில் பட்ட கைகளை மூவகையாகப் பிரிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே கோலால் அளப்பது திறனாய்வு ஆகாது.

முதலாவது, வாழ்க்கைத் தேவைக்காக மாற்றிய கை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இலட்சக்கணக்கான துப்பாக்கிகள் படைகளுக்கு வேண்டாதவையாயின. வணிகர் மலிவாக விற்றனர். வேட்டைக்குப் புதுத் துப்பாக்கி வாங்கப் பணமில்லாத குடியானவன் கனடாவிலும் அமெரிக்காவிலும் அவற்றை வாங்கினான். முன்கட்டையை அறுத்துச் சுமையைக் குறைத்தான். போரில் மனிதரைக் கொன்ற கருவியைக் கொண்டு மான் வேட்டையாடி வீட்டுக்கு உணவு சேர்த்தான். பர்மிங்காமைச் சேர்ந்த பார்க்கர்-ஹேல் நிறுவனம் இம்மாற்றத்தைத் தொழிலாகவே நடத்தியது. இத்தகைய துப்பாக்கியைக் கண்டு பழம்பொருள் விரும்பிகள் "கெட்டுப்போயிற்று" என்று தலையில் அடித்துக்கொள்வதுண்டு. நான் அவ்வாறு சொல்லத் துணியேன். அந்தக் குடியானவனுக்கு அது பழம்பொருளாக இருக்கவில்லை; கருவியாக இருந்தது. அவன் அறுத்த இடமும் அதன் வரலாற்றில் ஓர் ஏடு.

ஈஷாப்பூர்த் தொழிற்சாலை செய்த மாற்றமும் இவ்வகையினதே. பழைய துப்பாக்கிகளைக் காவலருக்கும் சிறைக் காவலருக்கும் கொடுப்பதற்காக, ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டுமே ஏற்கும் .410 அளவுத் துப்பாக்கிகளாக அது மாற்றியது. தோட்டாப் பெட்டியின் இடத்தில் மரக்கட்டையை வைத்து அடைத்தது. ஆயினும் மாற்றியதை மறைக்காமல் அதன் உடலிலேயே பொறித்து வைத்தது. 1962 சீனப் போருக்குப் பின் அதே தொழிற்சாலை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென 2ஏ, 2ஏ1 என்ற துப்பாக்கிகளைப் புதிதாகச் செய்தது. 2ஏ1-இல் குறிபார்க்கும் தகட்டை 800 மீட்டரோடு நிறுத்தியது. பழைய நூலுக்குப் பிற்காலத்தார் தம் பெயரோடு உரை வரைந்தது போன்றது இது. உரையை மூலம் என்று எவரும் மயங்கமாட்டார்.

இரண்டாவது, பொய்க் கை. மூலத்தில் இல்லாததை மூலமென்று காட்டும் கை. இடைச்செருகல் என்று நம் புலவர் கடிந்தது இதனையே. இதற்குச் சான்று தேடி நாம் தொலைவில் போகவேண்டியதில்லை. நம் காட்டின் பெயரிலேயே அது நடந்திருக்கிறது.

காட்டுத் துப்பாக்கியும் அதன் போலியும்

1944 முதல் 1947 வரை இங்கிலாந்தில் ஃபசாகர்லி, ஷெர்லி ஆகிய இரு இடங்களில் லீ-என்ஃபீல்டின் ஐந்தாம் எண் மாதிரி செய்யப்பட்டது. மொத்தம் சுமார் இரண்டரை இலட்சம். நான்காம் எண் மாதிரியின் குழல் 25 அங்குலத்துக்கு மேல் நீண்டது. இதன் குழலோ 19 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. எடையும் ஏறக்குறைய ஒரு கிலோ குறைவு. எடையைக் குறைப்பதற்காக உடலிலும் குழலின் அடியிலும் இரும்பைக் குடைந்து எடுத்தனர். குழலின் முனையில் தீப்பிழம்பை மறைக்கக் கூம்பு வடிவக் குழாயையும், அடிக்கட்டையில் தோள் தாங்குவதற்கு ரப்பர்த் தகட்டையும் வைத்தனர். மலாயாக் காடுகளில் அவசர காலத்தில் படையினரும் காவலரும் இதனைச் சுமந்தனர். "ஜங்கிள் கார்பைன்" என்று உலகம் இதனை அழைக்கிறது. அது அரசாங்கம் சூட்டிய பெயரன்று. வழக்கிலும் வணிகத்திலும் நிலைத்த பெயர்.

இந்தத் துப்பாக்கிக்கு ஒரு குறை உண்டு. ஒருநாள் சரிசெய்து வைத்த குறி மறுநாள் விலகிவிடும் என்று படையினர் முறையிட்டனர். சோதித்துப் பார்த்தும் அதனை நீக்க முடியவில்லை. காரணம் எதுவென்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. குழல் குறுகியதால் உதையும் மிகுதி. ரப்பர்த் தகடு சிறிதாதலால் அது தோளை முழுதும் காக்கவில்லை. 1947-க்குப் பின் இதனைச் செய்வது நின்றது. ஆக, குறையோடு பிறந்து, குறையோடு நம் காடுகளில் உழன்ற துப்பாக்கி இது.

பின்னர் 1950-களிலும் 1960-களிலும் கலிபோர்னியாவின் பாசடீனா நகரத்து கோல்டன் ஸ்டேட் ஆர்ம்ஸ் நிறுவனம் பழைய நீளத் துப்பாக்கிகளைக் குறுக்கி, கூம்புக் குழாயை மாட்டி, "சாண்டா ஃபே ஜங்கிள் கார்பைன்" என்ற பெயரில் விற்றது. பிற்காலத்தில் கிப்ஸ் என்னும் வேறொரு அமெரிக்க நிறுவனமும் நான்காம் எண் துப்பாக்கிகளைக் குறுக்கி இவ்வகையில் விற்றது. அவ்வணிகர் தம் சொந்த வணிகப் பெயரோடு விற்றதால் அவர்களைக் கள்ளர் என்று சொல்ல இயலாது. ஆனால் அடுத்தடுத்துக் கை மாறும்போது பெயரட்டை தொலைந்துவிடுகிறது. நான்காவது ஐந்தாவது கையில் அது "மலாயாப் போரில் சுட்டது" என்ற கதையோடு விலை கூடி நிற்கிறது. மலாயாவின் வெயிலையே அறியாத இரும்புக்கு மலாயாவின் துயரத்தைச் சூட்டி விற்கிறார்கள்.

உண்மையை எவ்வாறு அறிவது? முன்னே சொன்ன குடைவுகளைத் தேட வேண்டும். உண்மையான ஐந்தாம் எண் துப்பாக்கியின் உடலிலும் குழலடியிலும் இரும்பு குடைந்தெடுக்கப்பட்டிருக்கும். மாதிரியின் பெயரும் செய்த மாதமும் ஆண்டும் உடலின் இடப்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். போலி செய்வோர் வெளித்தோற்றத்தைக் குறுக்கினர். உள்ளே குடைய அவர்களுக்குப் பொழுதும் இல்லை, காரணமும் இல்லை. இடைச்செருகற் பாடல் எதுகை மோனையில் பிடிபடாமல் சொல்லாட்சியில் பிடிபடுவதுபோல, இதுவும் வெளியே பிடிபடாமல் உள்ளே பிடிபடுகிறது.

மூன்றாவது கை

மூன்றாவது கை எதுவெனின், அறியாத கை. இது பொய் சொல்ல விரும்பவில்லை. பயனுக்காக மாற்றவும் இல்லை. அழகாக்க விரும்புகிறது. மாணவன் கண்ட படத்திலுள்ள கை இதுவே. மூன்றனுள்ளும் மிகுதியாக அழித்தது இதுவென்றே நான் கருதுகிறேன்.

உப்புத்தாள் பட்டவுடன் கட்டையில் அழுத்தியிருந்த முத்திரைகள் போய்விடுகின்றன. எந்தப் பட்டறையில் பழுதுபார்த்தார்கள், எந்த மரத்தால் எங்கே ஒட்டுப்போட்டார்கள் என்ற செய்தி தூளாகிக் கீழே கொட்டுகிறது. இங்கிலாந்துப் படையில் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை ஊறவைத்தார்கள். பளபளக்கும் வார்னிஷ் பூசவில்லை. போர்க்காலத் துப்பாக்கியின் இரும்பும் கண்ணாடிபோல் மின்னியதன்று; பின்னாளில் பலவற்றுக்குக் கறுப்புச் சாயமே பூசினார்கள். எனவே, "பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன்" என்று மின்னும் துப்பாக்கியைக் காட்டுகிறவர், அது ஒருநாளும் இருந்திராத நிலைக்கு அதனைக் கொண்டுபோயிருக்கிறார். பழைய பாட்டின் சந்தத்தைத் தம் காதுக்கு ஏற்பத் திருத்திவிட்டு, "புலவர் இப்படித்தான் பாடினார்" என்பவருக்கும் இவருக்கும் வேற்றுமை இல்லை.

இதனால் உயிருக்கே கேடு வரலாம் என்பதையும் சொல்லவேண்டும். சுடத் தகுதியற்ற பழந்துப்பாக்கிகளை அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கி, அவற்றின் மேல் 'டி. பி.' என்ற இரண்டெழுத்தைப் படையினர் பொறித்தனர். பயிற்சிக்கு மட்டும் என்பது அதன் பொருள். அதனை அழகாக்க எண்ணி ஒருவர் எழுத்தைத் தேய்த்துவிட்டால், அடுத்து வாங்குவோன் சுடத்தக்கதென்று நம்பித் தோட்டாவை இடுவான். எழுத்தின் அருமை அறியாமை இங்கு ஓர் ஆளின் கண்ணைப் பறிக்கும்.

அங்ஙனமாயின் துருப்பிடித்து மடியட்டும் என்று விட்டுவிடுவதா என்று கேட்கலாம். அதுவும் தகாது. அக்காலத்துத் தோட்டாவின் மருந்து குழலுக்குள் உப்பைப் படியவிடும். நம்முடைய ஈரக்காற்றில் அவ்வுப்பு சில நாள்களிலேயே இரும்பைத் தின்னத் தொடங்கும். அதனால்தான் படையினர் சுட்டபின் கொதிநீரைக் குழலுக்குள் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெயிட்டனர். அழிவை நிறுத்துவது வேறு. அடையாளத்தை அழிப்பது வேறு. ஏட்டுக்கு மையிட்டு எழுத்தை விளங்கச் செய்வது முதலாவதைச் சேரும். சிதைந்த ஏட்டில் நம் எழுத்தை எழுதுவது இரண்டாவதைச் சேரும். செய்ததைத் திரும்ப நீக்க முடியுமா, செய்ததைச் சொல்லியிருக்கிறோமா என்ற இரண்டு கேள்விகளால் இவற்றைப் பிரித்தறியலாம். எண்ணெயை நாளை துடைத்துவிடலாம். உப்புத்தாள் தின்றதை எவராலும் மீட்க இயலாது.

இடையே ஒன்று சொல்லிவைக்கிறேன். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கியையோ அதன் உறுப்பையோ வைத்திருப்பது குற்றம். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனையை மேலும் கடுமையாக்கியது. காட்டிலோ பழைய வீட்டிலோ எதையேனும் கண்டவர் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்வதே முறை. இவற்றைப் பார்க்க விரும்புவோர் போர்ட் டிக்சன் தரைப்படை அருங்காட்சியகத்துக்கும் கோலாலம்பூர்க் காவல்துறை அருங்காட்சியகத்துக்கும் மாணவரை அழைத்துச் செல்லலாம். நான் இவ்வளவு எழுதுவது எவரும் துப்பாக்கியைப் புதுக்க வேண்டும் என்பதற்காக அன்று. வேறு பொருள்கள் நம்மிடம் இருக்கின்றன.

பெட்டியின் கதை

இனி அந்தப் பெட்டிக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்துப் பள்ளியில் நீளமான மரப்பெட்டி ஒன்று உண்டு. உள்ளே இருபுறமும் பள்ளம் வெட்டிய குறுக்குச் சட்டங்கள். அவசர காலத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களின் துப்பாக்கிகளைப் படுக்கவைத்த பெட்டி என்று முதியோர் சொல்வர். அக்காலம் முடிந்ததும் அது தோட்ட ஆபீசிலிருந்து பள்ளிக்கு வந்தது. சுண்ணக்கட்டியும் கொடிகளும் விளையாட்டுச் சாமான்களும் அதில் கிடந்தன.

நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதலாண்டில் பள்ளி ஆண்டுவிழாவுக்கு முன்னே பெட்டியைப் புதுப்பிக்க எண்ணினேன். மேற்புறத்தில் அச்சுத்தகடு வைத்து எழுதிய வெள்ளை எழுத்துகளும் எண்களும் மங்கிக் கிடந்தன. மூடியின் உட்புறம் முழுவதும் கத்திமுனையால் கீறிய தமிழ்ப் பெயர்கள், தேதிகள், நான்கு நான்காகக் கோடுகள். நான் அவற்றைக் கிறுக்கல் என்று கருதினேன். மாணவரோடு சேர்ந்து இரண்டு மாலைப்பொழுது தேய்த்தோம். பச்சைச் சாயம் பூசினோம். எல்லாரும் பாராட்டினார்கள். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பாடபேதம் பற்றிப் படித்துத் தேறியவன் நான். படித்தது பெட்டியருகே நிற்கும்போது நினைவுக்கு வரவில்லை.

விழா நாளில் எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டி இருக்கும் இடத்துக்கு வந்தார். மூடியைத் திறக்கச் சொன்னார். அவருடைய கணவர் அக்காலத்தில் இராக்காவல் இருந்தவராம். தலைப்பிள்ளை பிறந்த இரவு முள்வேலிக்கருகே காவலில் நின்றதால் வீட்டுக்கு வர முடியவில்லை. விடிந்தபின் தம் பெயரையும் பிள்ளை பிறந்த நாளையும் மூடியில் கீறிவைத்தாராம். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்த இடம் என்று மட்டும் தெரியும். இடக்கை மூலையில் விரலால் தடவினார். சாயம் வழவழப்பாக இருந்தது. "பெயிண்டு நல்லா இருக்கு வாத்தியாரே" என்றார். பிறகு பேத்தியோடு போய்விட்டார்.

இம்மூன்றாவது கையைப் பற்றி நான் கடுமையாக எழுதினேன் என்றால், அது என் கை என்பதால்தான்.

இப்போது செய்யத்தக்கது

நம் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன. பல பள்ளிகள் இடம் பெயர்ந்தன. இவ்வாறு பெயரும்போதெல்லாம் பழைய மணி, பழைய பெயர்ப்பலகை, பேர் கூப்பிட்ட ஏடு, பால் நிறுத்த தராசு ஆகியவற்றை நாம் ஒன்று குப்பையில் போடுகிறோம். அல்லது பூசி மினுக்கிக் கண்ணாடிப் பேழையில் வைக்கிறோம். இரண்டும் நம் முன்னோரின் எழுத்தை அழிப்பதில் ஒத்தவையே. எழுதத் தெரிந்தோர் குறைவாக இருந்த சமுதாயத்தில், கத்திமுனைக் கீறலே பலருக்கு நூல். நம் மக்களைப் பற்றித் துரைமார் எழுதிய குறிப்புகள் கட்டுக்கட்டாக உள்ளன. நம் மக்கள் தாமே எழுதியது மிகக் குறைவு. குறைவாக உள்ளதை இழைத்துத் தள்ளிவிட்டால், பின்னால் எந்தப் பதிப்பாசிரியர் வந்து என்ன தேடுவார்?

ஆகவே ஆசிரியத் தோழர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பழம்பொருளையும் தொடுமுன் அதன் எல்லாப் பக்கங்களையும் படம் பிடியுங்கள். உள்ள எழுத்தைப் பிழையிருந்தாலும் உள்ளபடியே படி எடுங்கள். அதனை அறிந்த முதியவர் ஒருவரையேனும் அழைத்துக் காட்டுங்கள். துடைக்கலாம், எண்ணெயிடலாம், கரையானிடமிருந்து காக்கலாம். இழைக்கவும் சாயமிடவும் வேண்டாம். புதிய உறுப்பு சேர்க்க நேர்ந்தால், சேர்த்தது யார், எந்த ஆண்டில் என்பதை அதன் மேலேயே குறித்துவிடுங்கள். படைப் பட்டறைக்காரர் பழைய எண்மேல் கோடிழுத்துவிட்டுப் புதிய எண்ணை வெட்டிய நேர்மை நமக்கும் வேண்டும்.

எங்கள் பெட்டியின் மூடிக்குள் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். மேற்புறத்தில் வெள்ளை எழுத்துகள் இருந்தன என்றும், உட்புறத்தில் ஏழோ எட்டோ பெயர்கள் இருந்தன என்றும், அவற்றை அழித்தவன் நான் என்றும் அதில் எழுதியிருக்கிறேன். அந்தப் பாட்டி சொன்னதையும் எழுதி, இடக்கை மூலைக்கு நேரே ஒரு பெயர் எழுதும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். கேள்வி கேட்ட மாணவனை அழைத்துச் சென்று அதனைக் காட்டினேன். அவன் தாளைப் படித்தான். பிறகு வெற்றிடத்தைக் காட்டி, "அவங்க பேரன் பேத்தி யாராச்சும் இருந்தா கேட்டு எழுதலாமே ஐயா" என்றான். அக்குடும்பம் தோட்டத்தை விட்டுப் போய் ஆண்டுகள் பல ஆயின. விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.